பவித்ரா பிழைத்த பிறகு நான் செய்தது

என் பெயர் அமலி. வில்பட்டிக்காரி. கொடைக்கானலில் சிஸ்டர்கள் நடத்தும் ஒரு பள்ளிக்கூடத்தில் பதினோரு வருடம் மூன்றாம் வகுப்பு டீச்சராக இருந்தேன்.

இந்தச் சாட்சியை நான் ஏற்கெனவே ஒரு முறை சொல்லியிருக்கிறேன். நம் கோயிலில், நவநாள் அன்று, மைக் பிடித்துச் சொன்னேன். உங்களில் பலர் அழுதீர்கள். திருப்பலி முடிந்ததும் என் கையைப் பிடித்து, "எங்க வீட்டுக்கும் வந்து ஒரு செபம் சொல்லுங்க டீச்சர்" என்று கேட்டீர்கள். அன்று நான் சொன்ன எதுவும் பொய் இல்லை. ஆனால் பாதியைத்தான் சொன்னேன். மறைத்த பாதியையும் சேர்த்து இப்போது எழுதிக் கொடுக்கிறேன். மைக் பிடித்தால் மறுபடியும் மறைத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஜூலை மாதத்து முதல் வெள்ளி. என் வகுப்புப் பிள்ளைகளைத் திருப்பலிக்குக் கூட்டிப் போயிருந்தோம். முடிந்து வரிசையாகத் திரும்பி வந்தோம். வரிசைக்கு முன்னால் நான். பின்னால் பாக்கியக்கா.

பாக்கியக்கா எங்கள் பள்ளியின் ஆயா. பதினான்கு வருடமாக அங்கே வேலை பார்த்தவர். அவரும் வில்பட்டிதான். தினமும் வெள்ளனே ஒரே பஸ்ஸில்தான் போவோம். எனக்கு முன்னாலேயே ஏறி, ஜன்னல் ஓரத்தில் பையை வைத்து எனக்கு இடம் பிடித்திருப்பார். எந்தப் பிள்ளைக்கு ஷூ கடிக்கிறது, எது காலையில் சாப்பிடாமல் வந்திருக்கிறது என்பதெல்லாம் என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். பள்ளிச் சுவரில் "சேவையே செபம்" என்று பெரிதாக எழுதி வைத்திருந்தோம். அதைச் செய்துகொண்டிருந்தவர் அவர். மேடையில் பேசிக்கொண்டிருந்தது நாங்கள்.

அன்று மூடுபனி. முன்னால் போகிற பிள்ளையின் சிவப்பு ஸ்வெட்டர் மட்டும்தான் தெரிந்தது. பாதி வழியில் கைப்பையைத் தடவினேன். போனைக் காணோம். கோயில் பெஞ்சிலேயே விட்டுவிட்டேன். தம்பிக்குப் பெண் பார்க்கும் விஷயமாக ஒரு அழைப்பு வர வேண்டியிருந்தது. அவ்வளவுதான். உயிர் போகிற அவசரம் இல்லை.

வரிசையின் கடைசிக்குப் போனேன். பாக்கியக்கா ஒரு கையில் குடையும், மறு கையில் பவித்ராவின் கையுமாக வந்துகொண்டிருந்தார்.

"பாக்கியக்கா, போனைப் பெஞ்சுலயே விட்டுட்டேன். வெரசா போய் எடுத்துட்டு வந்துருங்களேன்."

"பிள்ளைகள ஸ்கூல்ல விட்டுட்டுப் போறேன் டீச்சர். பாதையே தெரியாமக் கெடக்கு."

"ரெண்டு நிமிஷச் சோலிதானே? நான் பாத்துக்கிறேன், போங்க."

அவர் பவித்ராவின் கையை விட்டுவிட்டுப் போனார். நான் அங்கேயே, கடைசியில் நின்றிருக்க வேண்டும். பழக்கத்தில் முன்னால் போய்விட்டேன்.

பள்ளி வாசலில் பிள்ளைகளை எண்ணினேன். ஒன்று குறைந்தது.

அந்த ரோட்டில் ஒரு வளைவில் தடுப்புச் சுவர் இடிந்து கிடந்தது. கீழே புதரும் பாறையும் நிறைந்த சரிவு. பனியில் எதுவும் தெரியவில்லை. பவித்ரா, பவித்ரா என்று கத்தினோம். பக்கத்தில் ஸ்வெட்டர் கடை வைத்திருந்த பாய், யாரும் கேட்காமலே ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சரிவில் இறங்கினார். முக்கால் மணி நேரம் கழித்து அவருடைய குரல் மட்டும் மேலே வந்தது.

"இங்க இருக்கு புள்ள! மூச்சு இருக்கு!"

தோளில் போட்டுத் தூக்கி வந்தார். அவருடைய சட்டை முழுக்க அவள் தலையிலிருந்து வடிந்த ரத்தம்.

பவித்ராவுக்கு எட்டு வயது. கேரள எல்லைப் பக்கம் இருக்கிற கிளாவரையைச் சேர்ந்தவள். அப்பா, அம்மா இரண்டு பேருக்கும் தோட்ட வேலை. உருளைக்கிழங்கும் பீன்ஸும் போடுவார்கள். ஊரில் படிக்க வசதி பத்தாது என்று எங்கள் ஹாஸ்டலில் விட்டிருந்தார்கள். எங்களை நம்பி விட்டிருந்தார்கள்.

கொடைக்கானல் ஆஸ்பத்திரியில், உடனே மதுரைக்குக் கொண்டு போங்கள் என்றார்கள். ஆம்புலன்ஸில் நான் ஏறினேன். கதவைச் சாத்தும் நேரத்தில் பாக்கியக்கா மூச்சிரைக்க ஓடி வந்து கையை நீட்டினார்.

"டீச்சர், போனு."

வாங்கிக்கொண்டேன்.

மலையிறங்கி வத்தலக்குண்டு வருவதற்குள் எங்கள் ஹெச்.எம். சிஸ்டர் அந்தப் போனுக்கே கூப்பிட்டார். "பின்னால யாரு நின்னா டீச்சர்?" என்று கேட்டார்.

"பாக்கியக்கா நின்னாங்க சிஸ்டர். திரும்பிப் பாத்தா ஆளைக் காணோம்."

பவித்ராவின் தலையை என் மடியில் வைத்துக்கொண்டுதான் இதைச் சொன்னேன்.

மதுரையில் இரண்டு நாள் அவள் கண் திறக்கவில்லை. மூளையில் வீக்கம் என்றார்கள். அவளுடைய அம்மா மூன்று பஸ் மாறி வந்து சேர்ந்தார். காலில் தோட்டத்து மண் அப்படியே இருந்தது. என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவரோ என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "உங்க சாமிகிட்ட கேளுங்க டீச்சரம்மா. எங்க சாமிகிட்ட நான் கேட்டுட்டேன்" என்றார்.

மூன்றாம் நாள் மத்தியானம், டாக்டர் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார். நான் மாடிப்படித் திருப்பத்தில் போய் முழங்காலில் விழுந்தேன். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் ஒதுங்கிப் போனார்கள். செபமாலை கையில் இருந்தது. ஒரு மணிகூட உருட்ட வரவில்லை. இதைத்தான் சொன்னேன்:

"ஆண்டவரே, தப்பு என்னுடையது. பாக்கியக்காவை அனுப்பியது நான். பழியை அவர் மேல் போட்டதும் நான். இந்தப் பிள்ளையை எழுப்பிக் கொடும். அவள் கண் திறந்தால் எல்லார் முன்னாலும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது சத்தியம்."

அன்று மாலை நாலு மணிக்கு முன்னால் பவித்ரா கண் திறந்தாள். "அம்மா, குளுருது" என்றாள்.

டாக்டரே சிரித்தார். அவளுடைய அம்மா தரையில் விழுந்து என் காலைத் தொட்டார். நான் அவரைத் தூக்கிக் கட்டிக்கொண்டு அழுதேன். ஆண்டவர் கேட்டார், கொடுத்தார். நவநாளில் நான் உங்களுக்குச் சொன்ன சாட்சி இதோடு முடிந்தது. அன்று நீங்கள் கை தட்டினீர்கள்.

இனிமேல் எழுதுவது நான் சொல்லாதது.

அடுத்த வாரம் ஹெச்.எம். சிஸ்டர் அறையில் விசாரணை நடந்தது. எனக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். பாக்கியக்கா நின்றுகொண்டிருந்தார்.

"டீச்சர்தான் போனை எடுத்துட்டு வரச் சொன்னாங்க சிஸ்டர். நான் சும்மா எங்கயும் போகல."

சிஸ்டர் என் பக்கம் திரும்பினார். "அப்படியா டீச்சர்?"

ஒரு வார்த்தை போதும். ஆமாம் என்று சொன்னால் முடிந்தது. மாடிப்படியில் சத்தியம் செய்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

"அப்படிச் சொன்ன மாதிரி எனக்கு ஞாபகம் இல்ல சிஸ்டர்."

பாக்கியக்காவின் முகத்தில் கோபம் வரவில்லை. காதில் சரியாக விழாததுபோல என்னைப் பார்த்தார். நான் மறுபடியும் பேசுவேன் என்று காத்திருந்தார். நான் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டீச்சர் ஒன்று சொல்லி, ஆயா வேறொன்று சொன்னால் யார் பேச்சு எடுபடும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

அந்த வாரமே அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

வேலை போய்விடும், போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயம் எனக்கு. பவித்ரா வீட்டுக்குப் போகட்டும், பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். பரீட்சை முடியட்டும் என்று நினைத்தேன். கிறிஸ்துமஸ் போகட்டும் என்று நினைத்தேன். ஆண்டவரிடம் தவணை சொல்லிக்கொண்டே இருந்தேன்.

பாக்கியக்கா டூரிஸ்ட் காட்டேஜ் ஒன்றில் அறை கூட்டும் வேலைக்குப் போனார். அதே பஸ்தான். என் பக்கத்தில் இடம் காலியாக இருந்தாலும் நின்றுகொண்டே வருவார். அவருடைய மகள் எங்கள் பள்ளியில் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் அவள் காதுபடவே, "இவ அம்மாதான் அந்தப் பாப்பாவ விட்டுட்டுப் போனவங்க" என்று பேசினார்கள். அவள் அரசுப் பள்ளிக்கு மாறிப் போனாள். டி.சி. வாங்க அவள் தனியாக வந்து ஆபீஸ் வாசலில் நின்றதை நான் வகுப்பு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பார்த்துவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன்.

இவ்வளவும் நடந்த பிறகுதான் நவநாளில் சாட்சி சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். மறுத்திருக்கலாம். மறுத்தால் ஏன் என்று கேட்பார்களே என்று போனேன். பவித்ரா என் கையைப் பிடித்துக்கொண்டு பீடத்துக்குப் பக்கத்தில் நின்றாள். நெற்றிக்கு மேலே முடி முளைக்காத தழும்பு. நான் அழுதது நிஜம். இத்தனையையும் மறைத்துக்கொண்டே அன்று நற்கருணையும் வாங்கினேன்.

வெளியே வரும்போது வாசலில் பாக்கியக்கா நின்றிருந்தார். யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்:

"ஒங்க போனு எடது பக்கம் நாலாவது பெஞ்சுல கெடந்துச்சு டீச்சர். பாட்டுப் புஸ்தகத்துக்கு அடியில. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார்.

அதற்குப் பிறகும் நான் சொல்லவில்லை. என்னை நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். அவர் என் முகத்துக்கு நேராக அப்படிச் சொன்ன பிறகும் சொல்லவில்லை.

ஜூனில் பவித்ரா மறுபடியும் என் வகுப்புக்கே வந்தாள். ஒரு வருடப் படிப்பு போயிருந்தது. இரண்டாவது வாரம், மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"மிஸ், ஆயாம்மா ஏன் வர்றதில்ல?"

"அவங்க வேற வேலைக்குப் போயிட்டாங்கம்மா."

"அன்னைக்கு என் கைய விட்டுட்டு, 'மிஸ்ஸோட போனை எடுத்துட்டு இந்தா வந்துர்றேன், நேரா நட'ன்னு சொன்னாங்க. திரும்பி வந்தாங்களா மிஸ்?"

வகுப்பில் வேறு யாரும் இல்லை. அவளுக்கு எல்லாம் நினைவிருந்தது. இத்தனை நாள் அவளிடம் யாரும் கேட்கவில்லை. நான் சிரித்த முகத்தோடு சொன்னேன்:

"இல்லடா ராசாத்தி. தலையில அடிபட்டதுல உனக்கு எல்லாம் மாறி மாறி ஞாபகம் வருது. ஆயாம்மா அப்படிச் சொல்லல."

அவள் தழும்பைத் தொட்டுப் பார்த்தாள். "அப்படியா மிஸ்?" என்றாள்.

"ஆமா."

அவள் நம்பினாள். நான் அவளுடைய டீச்சர் அல்லவா?

அதற்கடுத்த நாட்களில் அவள் எதை எழுதினாலும் எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். "சரியா மிஸ்? எனக்கு மறந்து மறந்து போகுது." ஒரு நாள் வாய்ப்பாடு எழுதச் சொன்னேன். ஏழு எட்டு ஐம்பத்தாறு என்று எழுதினாள். சரியாகத்தான் எழுதினாள். பிறகு ரப்பரை எடுத்து அழித்தாள். மறுபடியும் ஐம்பத்தாறு எழுதினாள். மறுபடியும் அழித்தாள். தாள் கிழிந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டு, சத்தம் வராமல் அழுதாள்.

ஆண்டவர் எழுப்பிக் கொடுத்த பிள்ளையின் தலையை நான் கெடுத்துக்கொண்டிருக்கிறேன் என்று அப்போது எனக்குப் புரிந்தது.

இடைவேளை மணி அடித்ததும் பள்ளிச் சிற்றாலயத்துக்குப் போனேன். என் இரண்டாவது செபம் அதுதான். அழகாக ஒன்றும் சொல்லவில்லை. "எனக்குத் தெம்பு இல்லை. நான் செய்ய மாட்டேன். என்னை நீர்தான் செய்ய வைக்க வேண்டும்" என்றேன். குரல் எதுவும் கேட்கவில்லை. மனசில் சமாதானமும் வரவில்லை. அடுத்த மணி அடித்தது. எழுந்தேன். கால் வகுப்புக்குப் போனது.

பவித்ராவை வராண்டாவுக்குக் கூப்பிட்டு, அவள் உயரத்துக்கு மண்டி போட்டேன்.

"அன்னைக்கு நீ சொன்னதுதான் சரி. உன் ஞாபகம் சரியா இருக்கு. மிஸ்தான் பொய் சொன்னேன்."

"ஏன் மிஸ்?"

"பயந்துட்டேன்."

அவள் இன்னும் கிட்டே வந்தாள்.

"ஆயாம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

"அப்ப சொல்லுங்க."

அவள் உள்ளே ஓடிவிட்டாள். நான் நேராக ஹெச்.எம். சிஸ்டர் அறைக்குப் போனேன். உட்காரச் சொன்னார். உட்காரவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். சிஸ்டரின் முகம் வெளுத்துவிட்டது. "அந்தம்மாவ நான் தனியா கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

மறுநாள் என்னைக் கூப்பிட்டபோது வேறு மாதிரி பேசினார்.

"இது வெளிய போக வேண்டாம் டீச்சர். பேரன்ட்ஸ் காதுக்குப் போனா ஸ்கூல் பேர் என்னாகும்? பாக்கியத்தை நான் திரும்பக் கூப்பிட்டுக்கிறேன்."

"அவங்களை நிறுத்துனது எல்லாருக்கும் தெரியும் சிஸ்டர். தப்பு அவங்களோடது இல்லன்னும் எல்லாருக்கும் தெரியணும்ல?"

அசெம்பிளியில் சொல்ல அனுமதி கிடைக்கவில்லை. ஆசிரியர் கூட்டத்தில் சொன்னேன். எனக்குப் பக்கத்தில் இருந்த டீச்சர் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார். பதினோரு வருடம் அவரோடு ஒரே டப்பாவில் சாப்பிட்டிருக்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சிஸ்டரும் நானும் பாக்கியக்கா வீட்டுக்குப் போனோம். வாசலில் உட்கார்ந்து, பறித்து வந்த பூண்டின் காய்ந்த தண்டை அரிவாளால் நறுக்கிக்கொண்டிருந்தார். சிஸ்டர் மன்னிப்புக் கேட்டார். வேலைக்குத் திரும்பி வரச் சொன்னார்.

"வர்றேன் சிஸ்டர். பிள்ளைகள அம்போன்னு விட்டுட்டுப் போனவன்னு பேராகிப் போச்சு. அதே கேட் வழியா ஒரு தடவ நிமுந்து உள்ள வரணும் எனக்கு."

நான் அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். மாடிப்படிச் சத்தியத்தையும் சொன்னேன். "என்னை மன்னிச்சிருங்க பாக்கியக்கா" என்றேன்.

அவர் அரிவாளைக் கீழே வைக்கவில்லை. நறுக்கிக்கொண்டே சொன்னார்:

"மன்னிச்சிட்டேன்னு இப்ப நான் சொன்னா அது பொய்யாப் போயிரும் டீச்சர். இதுல ஒருத்தி பொய் சொன்னது போதும். எம்மக டி.சி. வாங்கிட்டு வந்து, இந்தா, இந்த மூலையில உக்காந்து அழுதா. நான் அவகிட்ட 'நம்ம டீச்சருதானே, உண்மையச் சொல்லிருவாங்க'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். எத்தனை மாசம் சொல்லியிருப்பேன்!"

மகள் வீட்டுக்குள்தான் இருந்தாள். வெளியே வரவில்லை. எங்கள் பள்ளிக்கும் அவள் திரும்பி வரவில்லை.

அடுத்து கிளாவரை. பவித்ராவின் அம்மாவிடமும் சொல்ல வேண்டியிருந்தது. உருளைக்கிழங்குத் தோட்டத்தின் நடுவில் நின்றபடி கேட்டார். முடிந்ததும் ரொம்ப நேரம் என் முகத்தையே பார்த்தார்.

"அன்னைக்கு ஆஸ்பத்திரியில அழுதீங்களே டீச்சரம்மா, எம்புள்ளைக்காகவா, ஒங்களுக்காகவா?"

"ரெண்டுக்கும்தாம்மா."

"நான் ஒங்க காலத் தொட்டேன்" என்றார். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வரப்பில் நடந்து போய்விட்டார்.

கொடைக்கானல் பள்ளியில் என்னை வைத்துக்கொள்ளவில்லை. மலைக்கு மேலே, கிளாவரைப் பக்கம் சிஸ்டர்கள் நடத்தும் சின்னப் பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். தண்டனைதான், எனக்குத் தெரியும். ஒரே அறையில் மூன்று வகுப்பு. மழைக்காலத்தில் பஸ் வராது. சனிக்கிழமைதான் வீட்டுக்கு வருவேன். பவித்ராவின் அம்மா வழியில் என்னைக் கண்டால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போவார். ஆனால் கடைக்குட்டிப் பையனை என் பள்ளியில்தான் சேர்த்திருக்கிறார். ஏன் என்று நான் கேட்கவில்லை. பவித்ரா இப்போது வாய்ப்பாட்டை அழிக்காமல் எழுதுகிறாள் என்று ஹெச்.எம். சிஸ்டர் சொன்னார்.

இதை எழுத பாக்கியக்காவிடம் அனுமதி கேட்டேன். பெயரை மாற்றிப் போடட்டுமா என்று கேட்டேன். "எதுக்கு மாத்தணும்? எம் பேர அப்படியே போடுங்க. ஒளிஞ்சு நின்னது போதும்" என்றார். அன்று என்னிடம் அவர் பேசியது அவ்வளவுதான்.

ஆண்டவர் என்னுடைய இரண்டு செபத்தையும் கேட்டார். முதல் செபத்துக்குப் பவித்ராவை எழுப்பிக் கொடுத்தார். இரண்டாவதற்கு, நான் குழப்பிவிட்ட பிள்ளையின் வாயாலேயே எனக்கு வழி சொன்னார். முதல் பதில் எனக்குக் கை தட்டல் வாங்கிக் கொடுத்தது. இரண்டாவது பதிலில் கொடைக்கானல் வேலையும் பேரும் போயின. இரண்டுக்கும் நன்றி சொல்கிறேன். இரண்டாவதற்கு நன்றி சொல்ல எனக்கு ரொம்ப நாள் ஆனது. சில நாள் இன்னும் முழு மனசோடு வருவதில்லை.

உங்களில் யாராவது ஆண்டவரிடம் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டு, சொன்ன வார்த்தையைத் தராமல் உட்கார்ந்திருந்தால், தயவுசெய்து எழுந்திருங்கள். தெம்பு இல்லை என்றால் இல்லை என்றே அவரிடம் சொல்லுங்கள். நானும் அதைத்தான் சொன்னேன். அவர் கைவிடவில்லை. வலிக்காமல் நடத்திவிடுவார் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

ஞாயிறு திருப்பலியில் சமாதானம் சொல்லும் நேரத்தில் எல்லாரும் திரும்பி, ஒருவருக்கொருவர் கை கூப்புகிறோம். பாக்கியக்கா எனக்கு இரண்டு பெஞ்சு முன்னால்தான் இருப்பார். வலது பக்கம் திரும்புவார், இடது பக்கம் திரும்புவார். பின்னால் மட்டும் திரும்பியதில்லை. நான் அவருடைய முதுகைப் பார்த்துக் கை கூப்பி நிற்கிறேன். அவர் திரும்ப வேண்டும் என்று செபிக்க எனக்கு இன்னும் வாய் வரவில்லை. அவருக்காகவும் அவருடைய மகளுக்காகவும் மட்டும் செபிக்கிறேன்.

நீங்களும் அந்த இரண்டு பேருக்காகச் செபியுங்கள். அதற்குப் பிறகு முடிந்தால் எனக்காகவும்.